நாலாம் நம்பர் சத்தம்

கதவைச் சாத்தாதீங்க மேடம். தெறந்தே கெடக்கட்டுங்க. சத்தமா இருக்குதுங்கறது தெரியுதுங்க, நீங்க கேக்கறதுல பாதி எனக்குக் காதுல உழுகாது, நான் சொல்றதுல பாதி உங்களுக்கு உழுகாது. பரவால்லீங்க, நான் கத்திப் பேசறேன். தகடு அடிக்கற பிரஸ் ஷாப்புல வேலை செஞ்சு செஞ்சு எனக்கு மெதுவாப் பேசவே வராதுங்க. நீ சாமிகிட்ட வேண்டிக்கறது தேர் வீதி முச்சூடும் கேக்குதுன்னு எங்க ஊட்டுக்காரரு கிண்டல் பண்ணுவாரு. கதவைச் சாத்திப்போட்டா அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்குக் கேக்காது. எனக்கு அது கேக்கோணுங்க.

என் பேருங்களா? வசந்தாமணிங்க. மேனேஜர் சாரே கூப்பிட்டுச் சொன்னாருங்க, நம்ம சாமானை வாங்கற பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு மேடம் வந்திருக்காங்க, தொழிலாளிக பக்கத்துல இருந்து ஒருத்தரு பேசோணுமாம், நீ போ வசந்தாமணி, எதைப் பேசோணும் எதைப் பேசக்கூடாதுன்னு உனக்குத்தான் தெரியும்னு. பேசக்கூடாததுன்னா ஒண்ணுமில்லீங்க. கேண்டீன் சாம்பாரைப் பத்திச் சொல்லாதேன்னு அர்த்தம்.

அந்தக் கம்ப்யூட்டரை இன்னொருக்காத் திருப்புங்க, பாக்கறேன். இந்தக் கோடுதானுங்களா எங்க கம்பெனி? ஆரம்பத்துல நல்லா மேல நிக்குது, அப்பறம் சறுக்கிச் சறுக்கி வந்து கடைசீல தரையில படுத்துக்கிச்சு. தரையில படுத்தா ஒருத்தருக்கும் அடி படலைன்னுதானுங்களே? நெம்ப அழகா இருக்குதுங்க. மத்த கம்பெனிக் கோடெல்லாம் மேலயும் கீழயும் குதிக்கறப்ப இது மட்டும் எப்படிப் படுத்துச்சுன்னு கேக்கறீங்க. சொல்றேன். பயிற்சிங்க. கையுறைங்க. தரையில மஞ்சக் கோடு போட்டிருக்காங்க, அதைத் தாண்டக்கூடாது. தெனமும் காலையில எல்லாரும் வரிசையா நின்னு கையை முன்னால நீட்டி உறுதிமொழி எடுக்கறோம், நீங்களே பாத்தீங்கல்ல. அதனாலதான் விபத்து கொறைஞ்சுபோச்சு. இவ்வளவுதானுங்க நான் சொல்ல வேண்டியது.

ஏன் சில பேரு மட்டும் இடது கையை நீட்டுனாங்கன்னுங்களா? நெம்ப உன்னிப்பாப் பாக்கறீங்க. அதுக இடது கைப் பழக்கமுங்க.

இருங்க.

இல்ல, செரிதான். அது ஏழாம் நம்பர் மிசினு.

ஒண்ணுமில்லீங்க, நீங்க பயந்துக்காதீங்க. காதை அங்கயே வெச்சுக்கிட்டு இருக்கறனா, கொஞ்சம் சத்தம் மாறுனாலும் தெரிஞ்சுருது. உங்களுக்கு எல்லாம் ஒரே இரைச்சலாத்தான் இருக்கும். நாலாம் நம்பருக்குக் கனத்த சத்தமுங்க. இறங்கும், தட்டும், ஏறும். இறங்கும், தட்டும், ஏறும். அப்படியே ஓடிக்கிட்டு இருந்தா ஒண்ணுமில்லை. இன்னிக்கு அதுல நான் பெத்த புள்ள உக்காந்திருக்கறா. சிந்துஜான்னு பேரு. உங்க வயசுதான் இருக்கும். அவ எப்பவும் பேக்கிங்லதானுங்க, அட்டைப்பொட்டி மடிக்கற வேலை. பிரஸ்ஸுப் பக்கம் நான் அவளை அண்ட உட்டதே இல்லை. நாலாம் நம்பர்ல எப்பவும் உக்கார்ற நாகமணிக்குக் காய்ச்சலுங்க. நீங்க வர்ற அன்னிக்கு ஒரு மிசினும் சும்மா நிக்கக்கூடாதுன்னு சூப்பர்வைசர் குமாரசாமி இவளைக் கொண்டுபோய் உக்கார வெச்சுப்போட்டாரு.

நான் சொல்லிப் பாத்தேனுங்க. புள்ளைக்குப் பழக்கமில்லை, வேற ஆளைப் போடுங்கன்னேன். நானே உக்காந்துக்கறேன்னேன். நீ மேடத்துகிட்டப் பேசப் போகோணும்னுட்டாரு. அப்பறம் அவரு சொல்றாரு, ஏன் இப்படிப் பயந்து சாகறே, நாலாம் நம்பர்தான் இருக்கறதுலயே நல்ல மிசின், இத்தனை வருசத்துல ஒரு விபத்து உண்டா அதுலன்னு. நான் என்னத்தைச் சொல்றதுங்க? வாயைத் தெறந்தா வில்லங்கம். கம்முனு வந்துட்டேன்.

மேடம், நீங்க பெரிய கம்பெனி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா இங்க எல்லாரும் கேப்பாங்க. எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. அந்த எலுமிச்சம்பழத்தைத் திரும்ப வெக்கச் சொல்லுங்க.

சிரிக்காதீங்க, சாமி. நெசமாத்தான் கேக்கறேன்.

நாலாம் நம்பர் பெடலுக்குக் கீழ வெள்ளிக்கெழமை தவறாம எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமந் தடவி வெப்பனுங்க. கோனியம்மன் கோயில் கயிறு ஒண்ணும் மேல கட்டியிருந்தேன். ஆயுத பூசைக்கு எல்லா மிசினுக்கும் ஒரு பூசணிக்காய்னா நாலாம் நம்பருக்கு மட்டும் தனியா ஒண்ணு என்ற கைக்காசுல வாங்கிச் சுத்தி ஒடைப்பேன். மேனேஜர் சாருக்குக்கூட இதெல்லாம் புடிக்கும், வசந்தாமணி இருக்கறவரைக்கும் நம்ம ஷாப்புக்குக் கண்ணு படாதும்பாரு. இன்னிக்குக் காலையில நீங்க வர்றீங்கன்னு, தரை சுத்தமா இருக்கோணும்னு, குமாரசாமி வெளக்குமாத்தை எடுத்துப் பழத்தையெல்லாம் கூட்டித் தள்ளிப்போட்டாரு. கயித்தையும் பிளேடுல அறுத்து எறிஞ்சுட்டாரு. நல்லாப் பளிச்சுனு இருக்குது இப்ப. காவல் இல்லாத மிசின்ல என்ற புள்ளையை உக்கார வெச்சுப்போட்டு நான் இங்க காத்தாடிக்குக் கீழ உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கறேன்.

நாலுக்கு மட்டும் ஏன்னு கேக்கறீங்க. அது வந்த நேரம் செரியில்லீங்க. எங்கயோ மூடுன கம்பெனியிலிருந்து பழசா வாங்கிட்டு வந்தாங்க. லாரியில இருந்து இறக்குனது அஷ்டமி அன்னிக்கு. சொன்னேன், சார் நாளைக்கு இறக்கிக்கலாம்னு. லாரி வாடகை ஆருடி குடுப்பான்னாரு. அதுக்குள்ள என்னமோ இருக்குதுங்க. காலால பெடலை ஒருக்கா மிதிச்சா ஒருக்காத்தான இறங்கோணும்? இறங்கி, தகட்டைத் தட்டி, ஏறி நின்னுக்கோணும். அப்பறந்தான் நாம கையை உட்டு அடிச்ச பீஸை எடுத்துட்டு அடுத்த தகட்டை வெப்போம். இது எப்பவாச்சும், சும்மா நல்லா ஓடிக்கிட்டு இருக்கறப்பவே, மிதிக்காம தானா மறுக்கா ஒருக்கா இறங்கும். கை உள்ள இருக்கறப்ப.

இடுக்கிங்களா? ஆமாமுங்க, பீஸை இடுக்கியிலதான் எடுக்கோணும். காலையில நீங்க சுத்தி வந்தப்ப எல்லாரு கையிலயும் புதுசா இடுக்கி இருந்துச்சுல்ல. நீங்க இங்க வந்து உக்காந்தாச்சு, இப்பக் கீழ வெச்சிருப்பாங்க. இடுக்கியில எடுத்தா சாயங்காலத்துக்குள்ள கணக்கு முடியாதுங்க. ஐயோ, இதை எழுதிக்காதீங்க மேடம். அந்தப் பேனாவை மூடி வெய்யுங்க. நாம சும்மா பேசிக்கிட்டு இருக்கறோம்.

அது தானா இறங்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்னா... கேள்விப்பட்டதுதானுங்க. புள்ளைக பேசிக்குவாங்க. யாருக்கும் அடியெல்லாம் படலை. அதான் உங்க கோடே சொல்லுதே.

இருங்க, இருங்க. கேக்குது. இறங்குது, தட்டுது, ஏறுது. செரி. அவ மெதுவாத்தான் அடிக்கறா. பயந்த புள்ளைங்க. கரண்டுக் கம்பியைப் பாத்தாக்கூட ஒதுங்கிப் போவா. காலையில அங்க உக்கார்றப்ப என்னைத் திரும்பிப் பாத்தா. நான் ஒண்ணுமில்ல கண்ணுன்னு தலையை ஆட்டுனேன். வேற என்னங்க பண்றது அத்தனை பேரு மின்னால?

நாகமணிக்கு எத்தனை நாளாக் காய்ச்சல்னு எதுக்குங்க கேக்கறீங்க? காய்ச்சல்னா காய்ச்சல்.

செரி. உங்களைப் பாத்தா என்ற புள்ளையைப் பாக்கற மாதிரியே இருக்குது, மறைக்க மனசு வல்லை. உங்களோட வெச்சுக்குங்க, எழுதக்கூடாது. நாகமணிக்குக் காய்ச்சல் இல்லீங்க. ஆள்காட்டி வெரலு. நகம் வரைக்குந்தான் போச்சு, சின்னதுதானுங்க. ஒரு சத்தம் போடலை அந்தப் புள்ள. என்ற பக்கம் திரும்பி, வசந்தாக்கா, பைன்னு மட்டுஞ் சொன்னா. அவ்வளவு தைரியசாலி.

என்ற பை அந்த அலமாரியில இருக்குதுங்க, பச்சைத் துணிப் பை. மஞ்சப்பொடி, பஞ்சு, கிழிச்சு வெச்ச பழைய வேட்டித் துணி, வலி மாத்திரை. கம்பெனி மருந்துப்பொட்டியைத் தெறந்தா ஆரு என்ன எதுக்குன்னு கேப்பாங்கல்ல, அதனால நானே தனியா வெச்சுக்கிட்டேன். கட்டிப்போட்டு, துப்பட்டாவுக்குள்ள கையை வெச்சுக்கிட்டுச் சிரிச்ச மூஞ்சியா வெளிய போகச் சொல்லுவேன். ரேசன் கடைச் சந்துல ஒரு கம்பவுண்டர் இருக்காரு, ஒண்ணுங் கேக்காமத் தெச்சு உட்டுருவாரு. ஊட்டுல என்ன சொல்றது, அக்கம்பக்கம் என்ன சொல்றதுன்னு அதையும் நாந்தான் சொல்லிக் குடுப்பேன். ஒருத்திக்கு சைக்கிள் செயினு, ஒருத்திக்கு பீரோக் கதவு, ஒருத்திக்கு அருவாமணை. ஒரே தெருவுல எல்லாருக்கும் அருவாமணைன்னா நம்புவாங்களாங்க? அதுக்குத் தகுந்த மாதிரி ரோசிச்சுத்தான் குடுக்கோணும். எத்தனை புள்ளைகளுக்குப் பண்ணியிருக்கறேன் தெரியுங்களா? அம்மா மாதிரி பாத்துக்கறீங்கக்கான்னு அழுகுங்க.

ஏன் மறைக்கறீங்கன்னு நீங்க கேக்கறது எனக்கே வேடிக்கையா இருக்குது. உங்க கம்பெனி கேட்டுத்தான எங்க கம்பெனி இதை ஆரம்பிச்சுது. வருசம் முச்சூடும் ஒரு விபத்தும் இல்லைன்னா ஷாப்புல எல்லாருக்கும் டூரு, அதோட ஆளுக்கொரு எவர்சில்வர் பாத்திரம். ஒருத்திக்கு அடி பட்டாலும் எல்லாருக்கும் இல்லை. மொத வருசம் ருக்மணின்னு ஒருத்தி இருந்தா. வெரல்ல ஒரு வெட்டு, அவ பாட்டுக்கு நேரா ஆபீசுக்குப் போய்ச் சொல்லிப்போட்டா. கொடிவேரி அணைக்குப் போறதுக்கு பஸ்ஸெல்லாம் பேசி, புள்ளைக புதுச் சுடிதாரு எடுத்து வெச்சிருந்தாங்க. எல்லாம் போச்சு. நாங்க அவளை ஒரு வார்த்தை திட்டலீங்க. அதை நீங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பேசலை, அவ்வளவுதான். சோத்து நேரத்துல அவ வந்து உக்காந்தா நாங்க எந்திரிச்சுப் பக்கத்து பெஞ்சுக்குப் போயிருவோம். தண்ணி கேட்டா குழாயைக் கைகாட்டுவோம். கொஞ்ச நாள் தனியா உக்காந்து சாப்பிட்டா, அப்பறம் அவளே வேலையை உட்டு நின்னுக்கிட்டா. அதுக்கப்பறம் ஒருத்தியும் ஆபீசுக்குப் போனதில்லீங்க. அங்கிருந்துதான் உங்க கோடு இறங்குது, பாருங்க, இந்த எடந்தான்.

மனசு பொக்குனு போயிருது அவளை நெனைச்சா. நல்ல புள்ளதான். வாயை மட்டும் கட்டியிருந்தா இன்னைக்கும் இங்கதான் இருந்திருப்பா.

அடி பட்டதெல்லாம் எந்த மிசின்லன்னுங்களா?

நாலுதானுங்க. நாகமணியும் நாலுதான். அவளுக்கு மின்னால பார்வதி, அதுக்கு மின்னால தறிக்காரரு மருமவ, எல்லாம் நாலுதான். அதைத்தான நான் வந்ததுல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கறேன். அதனாலதான் எலுமிச்சம்பழம். புள்ளைகளுக்கு இது தெரியாதுங்க. ஒருத்தி சங்கதியை இன்னொருத்திகிட்டச் சொல்ல மாட்டேன் நான், ஒவ்வொருத்தியும் தனக்குத்தான் நேரம் செரியில்லைன்னு நெனைச்சுக்குவா. எனக்கு மட்டுந்தான் தெரியும். அந்தப் பாரத்தைச் சொமந்துக்கிட்டுத்தான் வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை அதுக்கு மின்னால நின்னு கும்புடறேன்.

மெக்கானிக்குங்களா? எதுக்குங்க வருவாரு? ரெண்டாம் நம்பர் எண்ணெய் ஒழுகுதுன்னு வந்தாரு, ஆறாம் நம்பர் பெல்ட்டு மாத்துனாரு. நாலுல ஒரு குத்தமும் எழுதலையே. அடியே படாத மிசினை ஆராச்சும் ரிப்பேர் பண்ணுவாங்களா? நீங்களே சொல்லுங்க.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன தப்பாச் சொல்லிப்போட்டேன்?

காப்பி ஆறுது, குடிங்க.

என்ற புள்ளைக்கு ஆவணியில கண்ணாலம் மேடம். சூலூர்ப் பக்கம், நல்ல எடம். மாப்பிள்ளை பாத்திரக் கடையில இருக்காரு. பொண்ணு பாக்க வந்தாங்கல்ல, அவிக அம்மா இவ மூஞ்சியைக்கூட நிமிந்து பாக்கலை. காப்பித் தட்டை நீட்டறப்ப கையைத்தான் பாத்தாங்க. இந்தக் கையி, அந்தக் கையி, வெரல் வெரலா. இந்தப் பக்கத்துப் பிரஸ் ஷாப்புப் புள்ளைன்னா அப்படித்தானுங்க பாப்பாங்க. பாத்துப்போட்டு, பொண்ணு லட்சணமா இருக்கறான்னாங்க. அன்னிக்குத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. அதுக்கப்பறம் கண்ணாலம் முடியற வரைக்கும் என்ற புள்ள கையில ஒரு கீறல் படக்கூடாதுன்னு அருவாமணையைத் தூக்கி எங்க மச்சாண்டார் ஊட்டுக்குக் குடுத்துப்போட்டேன். காயை நாந்தான் சின்னக் கத்தியில நறுக்கறேன், அவளை அடுப்படிக்கே உடறதில்லை. சீருக்குப் பாத்திரமெல்லாம் அட்டாரியில அடுக்கி வெச்சிருக்கறேன். ஹாட் பாக்ஸ், குக்கரு, பெரிய தூக்குப்போசி, எல்லாம் விபத்தில்லாத வருசத்துக்குக் கம்பெனி குடுத்தது. பேருகூட வெட்டியிருக்குது அதுல, பாதுகாப்பே முதல்னு. இந்த வருசம் இட்லிக் கொப்பரை குடுக்கறாங்களாம். அது ஒண்ணுதானுங்க கொறை.

எங்க எந்திரிக்கறீங்க?

உக்காருங்க மேடம். நீங்க அங்க போகக்கூடாது. போய் நாலாம் நம்பரை நிறுத்தச் சொன்னா, ஏன்னு கேப்பாங்கல்ல? நீங்க என்ன சொல்லுவீங்க? வசந்தாமணி சொன்னான்னு சொல்லுவீங்க. அப்பறம் ஒவ்வொருத்தியா வலது கையை நீட்டச் சொல்லுவாங்க. உங்க கோடு எந்திரிச்சு நட்டமா நிக்கும். உங்க கம்பெனி ஆர்டரைக் குடுக்கலைன்னா இந்த ஷாப்பே போச்சு. டூரு போச்சு. நாளைக்குச் சோத்து நேரத்துல நான் போய் உக்காந்தா அத்தனை பேரும் எந்திரிச்சு அடுத்த பெஞ்சுக்குப் போவாங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுங்க, நான் ருக்மணி மூஞ்சியைப் பாத்திருக்கறேன். என்ற புள்ள கண்ணாலத்துக்கு இந்த ஷாப்புல இருந்து ஒருத்தி வர மாட்டா.

அவ அங்க உக்காந்திருக்கறாளேன்னு நீங்க சொல்றது எனக்குத் தெரியாதுங்களா? காலையில இருந்து அது ஒண்ணைத்தான நெனைச்சுக்கிட்டு இருக்கறேன். பாருங்க, கையைத் தொட்டுப் பாருங்க, சில்லுனு இருக்குதா? பயமா இருக்குது மேடம். நெம்பப் பயமா இருக்குது. எத்தனை வெரலைக் கட்டியிருக்கறேன், ஒருநாளும் இப்படிப் பயந்ததில்லை.

கையை உடுங்க. இல்ல, புடிச்சுக்குங்க. அப்படியே இருங்க.

இப்படிப் பண்ணலாங்க. நீங்க நாலாம் நம்பர்னு சொல்ல வேண்டாம். எல்லா மிசினையும் ஒருக்கா நிறுத்தச் சொல்லுங்க. போட்டோப் புடிக்கோணும்னு சொல்லுங்க. இல்ல, போட்டோன்னா மிசின் ஓடறப்பத்தான புடிக்கோணும்பாரு குமாரசாமி. எனக்கு மயக்கம் வந்துருச்சு, மவளைக் கூப்புடுங்கன்னு சொன்னா? அவ எந்திரிச்சு வந்துருவா. ஆனா அவ எடத்துல வேற ஒருத்தியை உக்கார வெச்சுருவாங்க, அதுவும் ஒரு தாய் பெத்த புள்ளதான். உக்கார்றவளுக்குக் காலடியில எலுமிச்சம்பழமும் இல்லை. செரி, அவ வந்துட்டாப் போதும், அப்பறம் பாத்துக்கலாம். மயக்கமே சொல்லலாம். இல்லீங்க, சித்த இருங்க, மேனேஜர் சாரு உடனே ஓடியாருவாரு, நீங்க என்னத்தையோ கேட்டு நான் பயந்துபோய் உழுந்துட்டேன்னு நெனைப்பாரு. வேற என்ன சொல்லலாம்? எல்லாப் புள்ளைகளுக்கும் ஒரு நொடியில சொல்லிக் குடுப்பேன், இன்னிக்குப் பாருங்க ஒண்ணும் வாயில வர மாட்டேங்குது. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது, அவ்வளவுதான். ரெண்டே நிமிசம், ரோசிச்சுச் சொல்லிடறேன். அவசரப்படுத்தாதீங்க.

இருங்க.

இறங்குச்சு. தட்டுச்சு.

மறுக்காத் தட்டுச்சுங்களா? உங்களுக்குக் கேட்டுச்சுங்களா? எனக்குக் கேட்டுச்சு. ஏழாம் நம்பரா இருக்குமுங்களா? ஏழு ஓடுது. அஞ்சு ஓடுது. ஆறு... ஆறும் ஓடுது.

நாலு ஓடலீங்க.

இது சோத்து நேரம் இல்லை. டீ நேரமும் இல்லை. நீங்க போய்ப் பாருங்க மேடம். போங்களேன். இல்ல, போகாதீங்க, யாரோ வர்றாங்க. அந்தச் செருப்புச் சத்தம் அவளுதுதான். நடந்துதான் வர்றா, பாருங்க. ஓடலை. நடந்து வர்றான்னா ஒண்ணுமிருக்காது. தண்ணி குடிக்க வந்திருப்பா. மாரியாத்தா, தண்ணி குடிக்கத்தான் வந்திருக்கோணும்.

வா கண்ணு. என்ன கண்ணு? மேடந்தான், கும்புடு. வேண்டாம் வேண்டாம், கும்புட வேண்டாம். எதுக்கு அலமாரியைப் பாக்கறே? எந்தப் பை? எதுக்கு இப்பப் பையி?

ஏன் சாமி சிரிக்கறே? துப்பட்டாவை எடு. அம்மா பாக்கறேன், எடு கண்ணு. ஈரமா இருக்குது. துப்பட்டா ஈரமா இருக்குது மேடம்.

என்ன சொல்றே? யாரு உன்னைக் கேட்டா? மேடம் ஒண்ணுங் கேக்கலையே, நீயா எதுக்குச் சொல்றே? காலையில காய் நறுக்கறப்பப் பட்டுச்சா? அருவாமணையிலயா? இவளுக்கு நான் சொல்லிக் குடுக்கவே இல்லீங்க. ஒருநாளும் சொல்லிக் குடுத்ததில்லை. மத்த புள்ளைகளுக்குச் சொன்னதைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கறா. சிரிச்சுக்கிட்டே சொல்றா பாருங்க, செவுத்தைப் புடிச்சுக்கிட்டு.

மேடம். அந்தப் பேனாவை எடுங்க. இதை எழுதிக்குங்க. எங்க ஊட்டுல அருவாமணை கெடையாதுங்க.